முதல் யந்திரத்தை யார் வாங்குவது?

வருஷந்தோறும் ஏற்றுமதிக் கணக்கு வெளியாகும் தினத்தில் நம்மவரிடையே ஒரு குதூகலம் உண்டாவதைக் காண்கிறோம். இத்தனை கோடி ரூபாய்ச் சரக்கு கடல் கடந்தது, சென்ற வருஷத்தை விட இத்தனை பங்கு அதிகம் என்று மந்திரிகள் அறிக்கை விடுகிறார்கள். பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. சந்தோஷிக்க வேண்டிய விஷயந்தான். விற்கத் தெரியாத தேசம் செழிக்காது. ஆனால் அந்தச் சரக்கு எந்த யந்திரத்தில் உண்டாயிற்று, அந்த யந்திரத்தைச் செய்தவன் யார், அதற்குக் கொடுத்த பணம் எந்தத் தேசத்துக்குப் போயிற்று என்னும் கேள்விகளை அன்று எவரும் எழுப்புவதில்லை. தேசத்தின் செல்வம் பெருக வர்த்தகம் வேண்டும், புது யுக்திகள் வேண்டும், துணிந்து முதல் போடுகிறவர்கள் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். இம்மூன்றும் தனித்தனியே நின்றால் பயன் சொற்பமே. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது எது என்பதையே நாம் இன்று விசாரிக்கப் புகுகிறோம்.

திருப்பூரை எடுத்துக் கொள்வோம். 1920-களில் பனியன் பின்னும் சிறு தொழிலாக அங்கே ஆரம்பித்த காரியம், 1985-ல் சுமார் 15 கோடி ரூபாய் ஏற்றுமதியாக வளர்ந்திருந்தது என்பது அவ்வூர் ஏற்றுமதியாளர் சங்கத்தார் கூறும் கணக்கு. 2024-25-ல் அது 40 ஆயிரம் கோடி ரூபாய் அளவை எட்டியது. இது சர்க்கார் கட்டிக் கொடுத்த தொழில் அன்று. கிணறு வற்றிய காட்டை விட்டு வந்த குடியானவர்களும், கைமடியாகச் சேர்ந்து தையல் கற்றவர்களும் நாலைந்து யந்திரங்களை வாடகைக் கொட்டகையில் போட்டு முதலாளிகளான கதை அவ்வூரில் தெருவுக்கு ஒன்று உண்டு. பின்னுவோர் ஒருவர், சாயம் போடுவோர் ஒருவர், அச்சடிப்போர் ஒருவர், காஜா பட்டன் வைப்போர் ஒருவர் என்று வேலையைப் பங்கிட்டுக் கொண்டு, ஊர் முழுவதுமே ஒரு தொழிற்சாலை போல் இயங்குகிறது. முயற்சிக்கு இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் இந்தியாவில் தேடினாலும் கிடைப்பது அரிது.

ஆயினும் அவ்வூரின் பின்னல் கொட்டகை ஒன்றினுள் நுழைந்து, வட்டமாகச் சுழன்று துணி பின்னும் யந்திரத்தின் மேல் பதித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், தைவான். சமீப காலமாகச் சீனா. தையல் வரிசையில் போய்ப் பாருங்கள்: ஜப்பான் அல்லது சீனா. இனி, அந்தப் பனியனுக்கு நூல் கொடுத்த நூற்பு ஆலைக்குள் போய், கதிர்கள் சுழலும் ரிங் பிரேமின் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கோயம்புத்தூர் என்று இருக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மணி நேரப் பிரயாணம். பருத்தி ஒன்று, ஜனங்களும் ஒரே சீமையைச் சேர்ந்தவர்கள், இருப்பினும் நூற்கும் யந்திரத்தை நாமே செய்து பிற தேசங்களுக்கும் விற்கிறோம், பின்னும் யந்திரத்தையும் தைக்கும் யந்திரத்தையும் கப்பலில் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். இந்த வித்தியாசம் எதனால் ஏற்பட்டது?

விடை கோயம்புத்தூரின் சரித்திரத்திலே இருக்கிறது. அச்சரித்திரத்தைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும்.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கே முதல் நூற்பு ஆலையை நிறுவினார். அதன் பின் 22 வருஷங் கழித்து, 1910-ல், லக்ஷ்மி மில்ஸ் தோன்றிற்று. 1932-ல் நீலகிரியில் பைகாரா நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் ஊரின் முகமே மாறிற்று. அடுத்த சில வருஷங்களுக்குள் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. ஆலை அதிபர்களின் சங்கம் 1933-ல் ஏற்பட்டது. ஆலைகள் மாத்திரமா மின்சாரத்தை வேண்டின? கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையைக் குடைந்து ஆழத் தோண்டியவை. கவலை கட்டி மாடுகள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்துப் பருத்தியையும் கரும்பையும் வளர்த்த குடியானவனுக்கு, மின்சாரத்தால் ஓடும் பம்பு என்பது கனவில் கண்ட தெய்வம் நேரில் வந்தது போலாயிற்று. இவ்வாறு ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் ஒரே காலத்தில் யந்திரம் தேவைப்பட்டது. சீமையிலிருந்து வந்த யந்திரம் பழுதானால் உதிரிப் பாகம் வந்து சேர மாதங்கள் ஆகும். அதுவரையில் ஆலை நிற்கும், பயிர் வாடும். நிற்கவும் வாடவும் பொறுக்காதவர்கள் அருகிலிருந்த வார்ப்படச் சாலைக்கும் லேத் பட்டறைக்கும் ஓடினார்கள். பட்டறைக்காரன் உடைந்த பாகத்தைப் பார்த்து அதே போல் ஒன்று வார்த்துக் கொடுத்தான். அது சில நாளில் மறுபடி உடைந்தது. ஏன் உடைந்தது என்று யோசித்து இன்னும் கெட்டியாக ஒன்று வார்த்தான். இந்த யோசனையே புது யுக்திக்கு விதை.

ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1893-ல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பஸ்கள் பெருகின; பஸ்ஸைப் பழுது பார்க்கப் பட்டறை வேண்டியதாயிற்று; பட்டறையில் கருவிகள் வேண்டியதாயிற்று; கருவிகளைச் செய்யத் தெரிந்த ஆட்கள் வேண்டியதாயிற்று. 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மின்சார மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதலாவது என்று பெயர் பெற்றது. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் கம்பெனியை நடத்தி ஆலை யந்திரங்களின் செய்கையில் இறங்கினார். பஸ் வர்த்தகம் பட்டறையைப் பெற்றது. பட்டறை மோட்டாரைப் பெற்றது. வர்த்தகத்தின் இலாபத்தை நிலத்திலும் நகையிலும் போட்டு மூடாமல், லேத்திலும் வார்ப்படத்திலும் போட்டவர்கள் அக்காலத்தில் அவ்வூரில் இருந்தார்கள்.

1955-ல் அதே ஊரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் ஓடும் மாவு ஆட்டும் கல்லைச் செய்தார் என்று கூறப்படுகிறது. தென்னிந்தியாவின் இட்லிக்காக வேறு எந்தத் தேசத்து யந்திர சாஸ்திரியும் மூளையைச் செலவழித்திருக்க மாட்டான் அன்றோ? அந்தக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் பின்னர் கிடைத்தது. நம் தாய்மார்களின் தோள்களுக்கு அந்தக் கருவி செய்த உபகாரத்தை எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் காணோம் என்பது நமது குறை.

ஆயினும் நூற்பு யந்திரத்தின் கதையே நமது விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. 1962-ல் ஜி. கே. தேவராஜுலு லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸை நிறுவினார். வித்தையைச் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியாரிடம் உடன்படிக்கை செய்து பெற்றார்கள். வித்தையை விலை கொடுத்து வாங்குவதில் யாதோர் இழிவும் இல்லை. வாங்கிய வித்தையோடு நின்று விடுவதே இழிவு. இன்று நூற்புக்கு வேண்டிய யந்திரங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழு வரிசையாகச் செய்யவல்ல கம்பெனிகள் உலகத்தில் விரல் விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் கோவைக் கம்பெனி ஒன்று. இது எவ்வாறு சாத்தியமாயிற்று? யந்திரம் செய்ய முன்வந்தவர்கள், யந்திரம் வாங்கும் ஆலைக் குடும்பத்தார். இதைத்தான் நமது நேயர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

எந்தப் பட்டறையிலும் முதலில் வெளிவரும் யந்திரம் குற்றம் நிறைந்ததாகத்தான் இருக்கும். சத்தம் போடும்; நூலை அறுக்கும்; பத்து நாளுக்கு ஒரு முறை நிற்கும். அந்நிய நாட்டு யந்திரம் பக்கத்தில் நின்று பட்டுப் போல ஓடிக் கொண்டிருக்க, இதை விலை கொடுத்து வாங்கித் தன் ஆலையில் வைத்து, நின்ற போதெல்லாம் செய்தவனைக் கூப்பிட்டுக் காண்பித்து, திருத்திய பின் இரண்டாவதையும் வாங்கும் ஒருவன் இருந்தாலன்றி மூன்றாவது யந்திரம் பிறக்காது. கோயம்புத்தூரில் அந்த ஒருவன் இருந்தான். ஆலை அதிபன் தன் சொந்த முதலைக் காப்பாற்றவே தன் யந்திரத்தைப் பொறுத்துக் கொண்டான். ஆலைகள் சேர்ந்து சந்தா கொடுத்து நடத்தும் ஆராய்ச்சி சாலை ஒன்றும் (சிட்ரா என்று வழங்குவது) 1956-லேயே ஏற்பட்டு, நூலையும் யந்திரத்தையும் அளந்து சோதித்துச் சொல்லத் தொடங்கியிருந்தது. ஆகவே குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒரு இடம், பொறுத்துக் கொள்ள ஒரு இடம், திருத்த ஒரு இடம் ஆகிய மூன்றும் ஒரே ஊரில் அமைந்தன.

ஜப்பானியரும் இந்த வழியாகவே வந்தார்கள். தச்சன் மகனாகிய டொயோடா ஸாகிச்சி 1891-ல் ஒரு மரக் கைத்தறிக்குப் பேட்டண்டு பெற்றார். தம்முடைய தறிகளைத் தம்முடைய நெசவுச் சாலைகளிலே ஓட்டிக் குற்றங்களைக் களைந்து, 1924-ல் தானே இயங்கும் தறி ஒன்றை முடித்தார். யந்திரத் தறிக்கு உலகத்தின் குருவாக விளங்கிய இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனியார், 1929-ல் ஒரு லட்சம் பவுனுக்கு அதன் உரிமையை வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். சிஷ்யனிடம் குரு விலை கொடுத்துக் கற்ற இந்நிகழ்ச்சி ஜப்பானியருக்கு எவ்வளவு ஊக்கம் அளித்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. தறித் தொழிலில் தேறிய கைகளும் அதில் திரண்ட முதலுமே ஸாகிச்சியின் மகன் கீச்சிரோ மோட்டார் கார் செய்ய இறங்கியதற்கு ஆதாரமாயின. டொயோட்டா மோட்டார் கம்பெனி ஏற்பட்டது 1937-ல். கோவையில் மின் மோட்டார் பிறந்ததும் அதே வருஷந்தான். அன்று இரு ஊர்களுக்கும் இடையே இருந்த தூரம் இன்று இருப்பது போல் அவ்வளவு பெரியதன்று என்பதை நினைக்கையில் நமக்குச் சிறிது வருத்தமே உண்டாகிறது.

இனித் திருப்பூருக்குத் திரும்புவோம். அங்கே பொறுத்துக் கொள்ளும் வாங்குவோன் ஏன் தோன்றவில்லை? அவ்வூரார் புத்தியிலோ துணிவிலோ குறைந்தவர்கள் என்று சொல்லுகிறவர்கள் 2011-ஆம் வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சாயக் கழிவால் நொய்யல் நதி பாழாயிற்று. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. விவசாயிகள் நியாயஸ்தலத்தை நாடினார்கள். அவ்வருஷம் ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. எழுநூறு ஆலைகளுக்கு மேல் கதவடைத்தன, ஊர் ஸ்தம்பித்தது. அந்த நெருக்கடியில் சாயத் தொழிலாளர்களும் ரசாயன நிபுணர்களும் சேர்ந்து, கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல், தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட நீரைச் சுத்தம் செய்து மீட்பதும், மிஞ்சும் உப்பு நீரையே மறுபடி சாயத் தொட்டிக்குப் பயன்படுத்துவதுமான முறையைக் கைவரச் செய்தார்கள். உலகத்தில் வேறு எந்தத் துணி நகரமும் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்யவில்லை என்று அவர்கள் பெருமை கொள்வதை நாம் குறை கூறோம். அதே சமயத்தில், இந்த யுக்திக்குப் பிதா நியாயஸ்தலமே என்பதையும், நியாயஸ்தலத்தைத் தட்டி எழுப்பியவர்கள் நிலத்தை இழந்த குடியானவர்களே என்பதையும் மறக்கலாகாது. எப்படியாயினும், கட்டாயம் நேர்ந்தபோது திருப்பூரின் மூளை வேலை செய்தது.

யந்திர விஷயத்தில் அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் நேரவில்லை, நேர்ந்தது எதிர்மாறானது. 1999-ல் தொடங்கிய ஜவுளித் தொழில் நவீனத் திட்டத்தின்படி, புது யந்திரம் வாங்கக் கடன் எடுத்தவனுக்கு வட்டியில் 5 விழுக்காட்டைச் சர்க்கார் ஏற்றது. அந்த யந்திரம் கோவையில் செய்ததா, கொலோனில் செய்ததா என்று அத்திட்டம் கேட்கவில்லை. ஏற்றுமதி செய்வோர் இறக்குமதித் தீர்வை கொடாமலே யந்திரத்தைக் கொண்டு வரலாம்; மிச்சமான தீர்வையைப் போல் ஆறு மடங்குக்கு 6 வருஷத்தில் சரக்கை ஏற்றுமதி செய்தால் போதும் என்னும் ஏற்பாடும் உண்டு. உள்நாட்டு யந்திரம் வாங்குவோர்க்கு அந்தப் பொறுப்பில் கால் பங்கு தள்ளுபடி செய்திருக்கிறார்கள் என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்லி விட வேண்டும். ஆனால், இல்லாத யந்திரத்தைத் தள்ளுபடியில் எவன் வாங்குவான்? மேலும் ஏற்றுமதியாளனுக்கு ஆர்டர் கையில் வந்தால் மூன்று மாதத்துக்குள் சரக்குக் கப்பலேற வேண்டும். தவறினால் விமானத்தில் அனுப்பி இலாபம் முழுவதையும் கூலிக்கே கொடுக்க நேரும். அவன் பக்கத்துப் பட்டறைக்காரனின் முதல் யந்திரத்தைப் பரீட்சை பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? அவனைக் குறை சொல்வது அநியாயம்.

அந்நிய யந்திரத்தைத் தடுத்தால் சரியாகி விடுமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நாம் இதற்கு உடன்படவில்லை. லைசென்ஸும் பெர்மிட்டும் ஆண்ட காலத்தை நம்மில் வயதானவர்கள் அறிவார்கள். கோட்டைச் சுவருக்குள் விற்றவர்களுக்குச் சரக்கைத் திருத்த வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஒரே அச்சில் வார்த்த மோட்டார் காரை முப்பது நாற்பது வருஷம் விற்றுக் கொண்டிருந்தார்கள், ஜனங்களும் பணத்தைக் கட்டி விட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். தீர்வையின்றி நல்ல யந்திரம் வந்திராவிட்டால் திருப்பூர் 15 கோடியிலேயே நின்றிருக்கும். எனவே கதவை அடைப்பது வழியன்று. முதல் யந்திரத்தை வாங்குபவனுக்கு உண்டாகும் நஷ்டத்தைப் பங்கிட்டுக் கொள்வதே வழி. அந்நிய யந்திரம் வாங்குபவனுக்கு வட்டியிலும் தீர்வையிலும் கொடுத்து வந்த சலுகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, உள்நாட்டில் செய்த முதல் நூறு பின்னல் யந்திரங்களை வாங்கி ஓட்டுவோர்க்கு நின்ற நாட்களுக்கு நஷ்டஈடு கொடுக்கலாம். அன்றி, திருப்பூர் ஏற்றுமதியாளர்களே பங்கு போட்டு ஒரு யந்திரக் கம்பெனியை ஆரம்பிக்கலாம். 1962-ல் ஆலைக்காரர்களால் முடிந்தது இவர்களால் முடியாதா? இவர்களிடம் அன்றைய ஆலைக்காரர்களை விட முதல் அதிகம். கோவையின் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

இதனால் உடனடியாக என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். ஆர்டர்கள் நின்றன, சில ஆலைகளில் இரவு வேலை நின்றது, பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டினார்கள். வெறும் தையற் கூலிக்கு விற்கிறவனை விட்டு இன்னொரு நாட்டுத் தையற்காரனிடம் போவது வாங்குகிறவனுக்குச் சுலபம். வங்காள தேசமும் வியட்நாமும் காத்திருக்கின்றன. யந்திரம் செய்கிறவனோ அந்த வங்காள தேசத்துக்கும் வியட்நாமுக்குமே யந்திரம் விற்பான். யந்திரத் தொழிலுக்கு மந்தம் வராது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆலைகள் படுத்தால் யந்திரக் கம்பெனியும் உடன் படுக்கிறது. ஆயினும் ஒரே வாசலை நம்பி நிற்பதற்கும் நாலு வாசல் உள்ள வீட்டில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

டில்லியில் இப்பொழுது ஆராய்ச்சியைப் பற்றி அதிகமாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். 2020-21-ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேச வருமானத்தில் 0.64 விழுக்காடு, சீனா 2 விழுக்காட்டுக்கு மேலும், தென் கொரியா 5 விழுக்காட்டை ஒட்டியும் செலவிடுகின்றன. நமது செலவில் தனிப்பட்ட கம்பெனிகளின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று மாத்திரமே. அந்நாடுகளில் அதுவே பெரும் பகுதி. இதைச் சரி செய்ய 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை மந்திரி சபை அங்கீகரித்தது. வரவேற்கிறோம். ஆனால் அப்பணம் நிதி நிர்வாகிகள் வழியாகக் கீழே இறங்கி வர வேண்டும். பீளமேட்டிலோ கணபதியிலோ எட்டு ஆட்களை வைத்து லேத் ஓட்டுகிறவன், இங்கிலீஷில் ஐம்பது பக்கம் அறிக்கை எழுதி டில்லியில் சமர்ப்பிப்பான் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? அவனுக்கு வேண்டியது பெரிய தொகையன்று. சென்ற மாதம் கொடுத்த சரக்குக்குப் பணம் இந்த மாதம் வந்தால், மீதமாகும் ஐம்பதாயிரத்தில் தன் புத்தியில் உதித்ததை அவனே செய்து பார்த்து விடுவான்.

இங்கேதான் தேசத்தின் யுக்தி தினந்தோறும் செத்துக் கொண்டிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்குப் பணம் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து வருகிறது. அதுவரை இரும்புக்கும் மின்சாரத்துக்கும் கூலிக்கும் அவன் வட்டிக்கு வாங்க வேண்டும். பில் எழுதின உடனே ஜி.எஸ்.டி.யையும், பணம் வரும் முன்பே, அவன் கட்டியாக வேண்டும். சிறியவன் பெரியவனுக்குக் கடன் கொடுக்கும் இந்த விபரீதமான ஏற்பாட்டில், புது யந்திரம் செய்து பார்க்க எவனிடம் மனமும் பணமும் மிஞ்சும்?

சட்டம் இல்லாமலில்லை. சட்டத்தோடு பழகிய தொழிலில் இருப்பவர்களாதலின் இதை நாம் உறுதியாகக் கூறலாம். 2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டம் மிகவும் நன்றாக எழுதப்பட்டது. சிறியவனிடம் சரக்கு வாங்கியவன், என்ன உடன்படிக்கை செய்திருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கியின் வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். விவகாரத்தைத் தீர்க்கக் கவுன்சில்கள் உண்டு. அவற்றின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிறவன் தொகையில் முக்கால் பங்கை முதலில் கட்டியாக வேண்டும். இவ்வளவு பல்லுள்ள சட்டம் நம் தேசத்தில் சொற்பம். ஆனால் பட்டறைக்காரன் அதை உபயோகிப்பதில்லை. வழக்குப் போட்டால் இந்தப் பில்லுக்குப் பணம் வரும், அடுத்த ஆர்டர் வராது. நம்மிடம் யோசனை கேட்க வந்தவர்களில் பலர், வட்டியெல்லாம் வேண்டாம், அசலை மாத்திரம் மனஸ்தாபமின்றி வாங்கித் தர முடியுமா என்றே கேட்டிருக்கிறார்கள். அப்படி வாங்கித் தரும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆகவே பட்டறைக்காரன் வாய் திறவாமலே பணம் வரும்படியான ஏற்பாடுகளே பயன் தரும். 2023-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் அத்தகைய ஒன்றைச் செய்தது. சிறு, குறு தொழிலினரிடம் வாங்கிய சரக்குக்குக் காலத்துக்குள் பணம் கொடாதவன், கொடுக்கும் வரையில் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாகாது என்று விதித்தார்கள். இதில் சிறியவன் யார் மேலும் பிராது கொடுக்க வேண்டியதில்லை; பெரியவனின் கணக்கப்பிள்ளையே அவனுக்காக வாதாடுகிறான். பெரிய கம்பெனிகள் சிலவற்றுக்கு இதனால் மனத்தாங்கல் உண்டு. நடுத்தரத் தொழிலினரிடம் வியாபாரத்தைத் திருப்பி விடுவோம் என்றும் பயமுறுத்தினார்கள். நடுத்தரத் தொழிலினரையும் விதிக்குள் சேர்த்து விட்டால் அந்தப் பயமுறுத்தலுக்கு இடமிராது. பில்லை அடகு வைத்து உடனே பணம் பெறும் டிரெட்ஸ் என்னும் மேடையில், 250 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ள கம்பெனிகள் சேர வேண்டும் என்று 2024-ல் உத்தரவாயிற்று. சேர்வது ஒன்று, பில்லை ஒப்புக் கொள்வது மற்றொன்று. சரக்கு வாங்கி இத்தனை நாளில் பில்லை ஒப்புக் கொள்ளாவிட்டால் ஒப்புக் கொண்டதாகவே கருதப்படும் என்று ஒரு வரி சேர்த்தால் இந்த மேடைக்கு உயிர் வரும். சர்க்காருடைய ஸ்தாபனங்களும் நகரசபைகளும் இந்த வரிக்கு முதலில் கட்டுப்பட வேண்டும். அவையே தாமதத்தில் யாருக்கும் பின்வாங்காதவை.

இன்னொன்றும் உண்டு, அதற்குச் செலவு ஏதுமில்லை. 45 நாட்களுக்கு மேல் சிறு தொழிலினர்க்குப் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த விவரத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2019-லேயே உத்தரவு இருக்கிறது. அந்தத் தாள்கள் எங்கேயோ ஒரு கணிப்பொறியில் தூங்குகின்றன. மத்திய சர்க்கார் அவற்றை ஜில்லா வாரியாகப் பிரித்து, பாக்கி வைத்தவர் பெயர், தொகை, நாட்கள் ஆகிய மூன்றை மாத்திரம் தமிழிலும் பிற பாஷைகளிலும் பகிரங்கப்படுத்தட்டும். கோயம்புத்தூர், திருப்பூர் ஜில்லாக்களின் பட்டியல் வெளியாகும் தினத்தில், அதை முழுவதும் அச்சிட நமது பத்திரிகையில் கட்டணமின்றி இடம் தருகிறோம். விளம்பரம் கொடுப்போரின் பெயர் அதில் இருந்தாலும் சரி.